ஒடுக்கு விழாத பானெட்

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

இன்று காலை பத்தரை மணிக்கு, திருஷ்டிக்காகக் கட்டியிருந்த பதினொரு கிலோ பூசணிக்காய் முடிச்சு அவிழ்ந்து விற்பனைக்கு நிற்கிற மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் மேல் விழுந்தது. பூசணிக்காய் சிதறிவிட்டது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவினாசி ரோட்டில் நம் ஷோரூமுக்கு எதிரே புதிதாக ஒருவன் பழைய கார் கடை திறந்திருக்கிறான். போன அமாவாசைக்கு எட்டுக் கிலோ பூசணிக்காயில் அரக்கன் முகம் வரைந்து தொங்கவிட்டான். நாம் நாலு கிலோவில் நின்றால் மரியாதையா? மார்க்கெட்டில் இருந்ததிலேயே பெரிசாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஊர்க் கண்ணெல்லாம் மஞ்சள் காரின் மேல்தான் விழுகிறது என்பதால், அதற்கு நேர் மேலே பன்னிரண்டடி உயரத்தில் கட்டினோம். கண் ஒன்றும் செய்யவில்லை. காய் செய்தது.

முடிச்சு சென்னியப்பனுடையது. பூங்கோதையின் தம்பி, என் மச்சினன். பதினெட்டு வருஷமாக என்னோடு ஷோரூமில் இருக்கிறான், ஒரு முடிச்சு உருப்படியாகப் போட வரவில்லை. அவனுக்கு இடது முழங்கால் மடங்காது. அது பழைய கதை.

பானெட்டைத் துடைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, ஒடுக்கு இல்லை. மூக்குப் பக்கம் நாலு விதை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இரும்பாக இருந்திருந்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். இது கார்பன் ஃபைபர். எனக்கு இந்த வண்டியை விற்ற பெங்களூர்க்காரர், கம்பெனி கொடுத்த பானெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு லட்சம் செலவழித்து இதை மாட்டியவர். அன்றைக்கு அவரைக் கிறுக்கன் என்று நினைத்தேன். இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எதற்கும் இருக்கட்டும் என்று இன்சூரன்ஸ் சர்வேயரைக் கூப்பிட்டிருந்தேன். வந்தார்.

"டேமேஜ் எங்கீங்க?"

"தெரியலீங்க. அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டது."

"என்ன மோதுச்சு?"

"பூசணிக்காய்ங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அது எங்கே?"

"கூட்டி எருக்குழியில போட்டாச்சுங்க."

"மோதுனதும் இல்லை, மோதுன அடையாளமும் இல்லை. நான் எதைங்க போட்டோ எடுக்கட்டும், உங்களையா?"

இரண்டு டீ, ஒரு தட்டு போண்டா. எல்லாம் முடிந்தபின் 'வாகனத்தில் சேதம் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஃபைலில் வைத்துக்கொண்டேன். காசு வராத காகிதமும் ஒரு நாள் உதவும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்குமே!

பதிவாகியிருந்தது. காய் விழுகிறது, வெடிக்கிறது, நான் தலையில் கை வைக்கிறேன், துடைக்கிறேன், பானெட் கண்ணாடிபோல் மின்னுகிறது. இருபத்தெட்டு வினாடி. 'பதினொரு கிலோ பூசணி, பன்னிரண்டடி உயரம், ஒரு கீறல் இல்லை. இதுதான் கார்பன் ஃபைபர். தொடர்புக்கு: நாச்சிமுத்து' என்று எழுதி எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். ஆடி மாதத்தில் வண்டி எடுக்கச் சொன்னால் ஆளுக்கொரு ஜோசியம் சொல்வார்கள். வீடியோ பார்க்க ஆடி ஆவணி கிடையாது.

ஆகஸ்ட் 7, புதன்

வீடியோ ஆளைக் கொண்டுவந்துவிட்டது. ஹரிநந்தன், முப்பது வயது, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி. காருக்கு முன்னால் நின்று எனக்கே பாடம் நடத்தினார்.

"அண்ணா, இது ஸ்டீலை விட அஞ்சு மடங்கு ஸ்ட்ராங்குங்ணா. வெயிட்டு பாதி கூட இல்லை. ரேஸ் கார், ஏரோப்ளேன் எல்லாம் இதுதான்."

"அப்படீங்களா?" என்றேன். வாடிக்கையாளர் பேசுகிற நேரத்தில் நாம் பேசினால் நஷ்டம் நமக்கு.

"புல்லட் ப்ரூஃப்புன்னு கூடச் சொல்றாங்க."

"துப்பாக்கி தெரியாதுங்க. பூசணிக்காய் ப்ரூஃப். அதுக்கு நான் சாட்சி."

அரைமணி நேரம் சிரித்தார். தொண்ணூற்றிரண்டு லட்சம் சொன்னேன், எண்பத்தாறில் முடிந்தது. முன்பணம் கொடுத்துவிட்டார். ஆடி கழியட்டும், ஆவணி ஒன்றாம் தேதி நல்ல நேரத்தில் டெலிவரி. பதினைந்து லட்சம் லாபம். வருஷம் முழுக்க ஷோரூம் வாடகையும் சம்பளமும் இந்த ஒரு வண்டியில் வந்துவிடும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரி எழுதலாம். வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக.

ஆகஸ்ட் 8, வியாழன்

வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரனும் பார்த்திருக்கிறான். அவன் பூசணிக்காயை இறக்கி வேறு இடத்தில் கட்டுகிறான்.

ஆகஸ்ட் 10, சனி

பழைய பிக்கப் வண்டி பார்க்க சகாயராணி என்று ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர், இப்போது பல்லடத்தில் பட்டறை. காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கிறவர். முந்நூறடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலையாம். பிக்கப்பைப் பார்க்க வந்தவர் மஞ்சள் காரிடம் போய் நின்றார்.

"அண்ணாச்சி, வீடியோவுல வந்தது இந்த வண்டிதானே?"

"ஆமாங்க. நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க."

"தட்டிப் பாத்தியளா?"

"தட்டறதுக்கு இதென்ன தேங்காயா?"

"அம்பது ரூவா தேங்காயத் தட்டி வாங்குதிய. இதத் தட்ட மாட்டியளோ?"

பர்ஸிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்தார். கண்ணாடி ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். நல்ல கணீர் சத்தம். மூக்குப் பக்கம், விதை ஒட்டியிருந்த இடத்துக்கு வந்ததும், டொப். ஈரப் பலகையைத் தட்டினதுபோல். மறுபடி தட்டினார். டொப். சுற்றிச் சுற்றித் தட்டிச் சாக்பீஸால் கோடு போட்டார். பூரிக்கட்டை வைத்து உருட்டினதுபோல் முக்கால் அடிக்கு ஒரு வட்டம்.

"உள்ள விட்டுப் போச்சு அண்ணாச்சி."

"மேல ஒண்ணுமே தெரியலீங்களே?"

"தெரியாது. இது என்ன? நூலுத் துணி. அஞ்சாறு ஏடா அடுக்கிப் பசை போட்டு இறுக்குனது. நூலு போற தெசையில இழுத்தா யானையக் கட்டலாம். மேலயிருந்து இடிச்சியன்னா, ஏடு ஏடா விட்டுப் போவும். பரோட்டாவ அடிச்ச மாதிரி. மேல் ஏடு மட்டும் பளபளன்னு சிரிச்சிட்டுக் கெடக்கும்."

"அதனால என்னங்க? சும்மா மூடிதானே?"

"மூடிதான். வண்டியோட பலம் உள்ள இருக்க கூட்டுல. இது மேல போட்ட சட்டை. ஆனா சட்டைக்குப் பித்தான் எங்க இருக்கு பாருங்க." குனிந்து காட்டினார். பானெட்டைப் பிடித்து வைக்கிற பூட்டு சரியாக அந்த வட்டத்துக்கு அடியில் இருந்தது. அதையும் பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கிறார்கள். "அறுவதுல போனா ஒண்ணும் ஆவாது. நூத்தம்பதுல காத்து அடியில பூந்து தூக்கும். பிச்சிட்டு வந்து கண்ணாடியில அறையும். இரும்புன்னா மொதல்ல வளைஞ்சு கொடுக்கும், நமக்கும் தெரியும். இது கடேசி வர வாயத் தொறக்காது."

வாயைத் திறக்காத சரக்கை எங்கள் தொழிலில் நல்ல சரக்கு என்போம். அதை அந்தம்மாவிடம் சொல்லவில்லை.

போகிற போக்கில் பிக்கப்பையும் அதே காசால் தட்டினார். வலது கதவில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்ததைக் கண்டுபிடித்துப் பதினைந்தாயிரம் குறைத்துவிட்டார். இனிமேல் ஐந்து ரூபாயோடு வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடை லீவு. சும்மாதான் போனேன். ஒரு ரூபாயால் தட்டினேன், டொப். இரண்டு ரூபாய், டொப். கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற பத்து ரூபாய்க் காசு ஒன்று சட்டைப்பையில் கிடந்தது, அதுவும் டொப்.

காற்றாலைக்காரிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? சர்வேயர் சர்டிபிகேட் ஃபைலில் இருக்கிறது. அரசாங்க முத்திரை இல்லாவிட்டாலும் கையெழுத்து இருக்கிறது.

சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சென்னியப்பன் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கேட்டான்.

"மாமா, அந்தம்மா சொன்னதைத் திருப்பூர்க்காரருகிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"அவரு கேக்கலை மாப்ள."

"கேட்டாச் சொல்லுவீங்களா?"

"கேக்கட்டும், பாத்துக்கலாம்."

"நானும் அன்னைக்குக் கேக்கலீங்க மாமா," என்றான். கோபமெல்லாம் இல்லை. ஷட்டர் இறுகியிருக்கிறது, எண்ணெய் விடவேண்டும் என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

பத்தொன்பது வருஷம் முன்னால், அவன் கல்யாணமான முதல் தீபாவளிக்கு ஒரு சிவப்புக் கார் கொடுத்தேன். இலவசமாக. பெரிய மனசு என்று சொந்தக்காரர்களெல்லாம் சொன்னார்கள். நாலு மாதமாக விற்காமல் கிடந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறொரு வண்டி, நடுவில் வெல்டு. வாளையாறு தாண்டி ஒரு லாரிக்காக பிரேக் அடித்தபோது ஒட்டு பிரிந்தது. ஆள் பிழைத்தான். கால்தான். அந்த ஒட்டு எனக்குத் தெரியாது.

தெரியாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னேன். பூங்கோதையிடமும் அப்படியே.

ஆகஸ்ட் 14, புதன்

சோறு ஏன் இறங்கவில்லை என்று பூங்கோதை கேட்டாள். ஆடிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஒன்றைத் திருத்தி எழுத வேண்டும். மடங்காத காலை வைத்துக்கொண்டு எவனும் பன்னிரண்டடி ஏணி ஏற முடியாது. ஏறியது நான். முடிச்சும் நான் போட்டதுதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். மதியம் ஹரிநந்தன் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சென்னியப்பன் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, சனிக்கிழமை டெலிவரி, ஞாயித்துக்கெழமையே டிராக்குல ஓட்டறேன். ரேஸ் டிராக்குல ஸ்லாட் போட்டாச்சு. நேர் ரோட்டுல இரநூறு பாத்தரணும். எங்க வீட்டுக்காரி நிவேதிதாவும் பக்கத்துல ஒக்காந்து வர்றா. ரெண்டு பேருக்கும் மஞ்சக் கலர்ல ஹெல்மெட் வாங்கியாச்சுங்ணா, மேட்சிங்!"

"ரொம்பச் சந்தோசங்க," என்றேன்.

போனை வைத்ததும் சென்னியப்பன் சொன்னான்: "அந்தப் பொண்ணு வேண்டாமுங்க மாமா. மொத ரவுண்டு நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். ஏதாச்சும் ஆனாலும் எனக்குப் பழக்கம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எழுந்து அறைந்துவிடலாமா என்றிருந்தது. எழவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஹரிநந்தனை வரச் சொன்னேன். மனசாட்சி அது இது என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பானெட் பறந்தால் அதோடு என் பெயரும் பறக்கும், நாலாயிரம் பேர் பார்த்த வீடியோ நாற்பது லட்சம் பேர் பார்க்கிற வீடியோ ஆகும். சுத்தமான வியாபாரக் கணக்கு.

வந்தவர் கையில் ஓர் ஐந்து ரூபாய்க் காசைக் கொடுத்தேன்.

"என்னங்ணா, எனக்கே காணிக்கையா?"

"பானெட்டைத் தட்டுங்க. அந்த ஓரத்துலருந்து."

விளையாட்டாகத் தட்டிக்கொண்டு வந்தார். மூக்குக்கு வந்ததும் கை நின்றது. துணி வியாபாரி, விரலுக்குப் புரிந்துவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்தம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஏடு, பசை, பூட்டு, காற்று.

"ஒண்ணும் ஆகலைன்னு வீடியோ போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க. அப்பத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சுது?"

'இன்னைக்குக் காலையில' என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. முப்பது வருஷ அனுபவம், அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. சென்னியப்பன் பின்னால் துணியை வைத்து ஏதோ ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"போன சனிக்கெழமைங்க," என்றேன்.

"ஆறு நாளா?"

"ஆறு நாளுங்க."

"நேத்து நிவேதிதாவும் வர்றான்னேன். ரொம்பச் சந்தோசம்னீங்க."

குனிந்து, சாக்பீஸ் கோடு இருந்த இடத்தைக் கையால் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

"எங்க ஃபேக்டரியில ஒரு பீஸுல ஓட்டைன்னா லாட்டே திரும்பி வருமுங்ணா. வந்தா நஷ்டம், பரவாயில்லை. தெரிஞ்சு அனுப்புனோம்னு தெரிஞ்சா அதோட அந்த வெளிநாட்டுப் பையர் நம்ம மூஞ்சியில முழிக்க மாட்டான்." காசை பானெட் மேல் வைத்தார். "நாளைக்குச் சொல்றேன்."

காலையில்தான் தெரிந்தது என்றிருந்தால் கை குலுக்கிவிட்டுப் போயிருப்பார். இப்படி ஒரு மடத்தனத்தைக் கடையில் வேலைக்கிருக்கிற ஆள் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

சாயங்காலம் சென்னியப்பன் டீ கொண்டுவந்து வைத்தான். அவன் எனக்கு டீ கொண்டுவருகிற வழக்கம் இல்லை. சர்க்கரை போட்டிருந்தான். டாக்டர் கூடாதென்றிருக்கிறார். குடித்தேன்.

ஆகஸ்ட் 17, சனி, ஆவணி ஒன்று

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க செக் எழுதி வைத்திருந்தேன். ஏழு மணிக்கே ஹரிநந்தன் வந்தார், கூடவே நிவேதிதா. சின்ன உருவம், பெரிய கண்கள். வணக்கம் சொல்லவில்லை.

"தட்டறதெல்லாம் இருக்கட்டும். நான் கண்ணுல பாக்கணும்," என்றாள்.

சகாயராணியை வரவழைத்தேன். பானெட்டைத் திறந்து நிறுத்தி, பூட்டில் ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் ஓர் இழுப்பு இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது. அதோடு கறுப்பாக இரண்டு ஏடு, கிழிந்த கோணிமாதிரி, நூல் நூலாக. ஒரு மனுஷியின் கைக்கே வந்துவிட்டது. காற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நிவேதிதா அந்த ஏட்டை விரலால் தொடப் போனாள்.

"கை வெச்சிராதிய, ஊசி மாதிரி ஏறிரும்," என்றார் சகாயராணி.

நிவேதிதா கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எத்தனை பேருகிட்டங்க இப்படி வித்திருக்கீங்க?"

சென்னியப்பன் அங்கேதான் நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"ஒருத்தருகிட்டங்க," என்றேன். "விக்கலை. சும்மா கொடுத்தேன். தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

 சென்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா, நேரம் போயிட்டிருக்குதுங்க, ராகு காலம் வந்துரும்," என்றான். நிவேதிதா அவன் காலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, பேசலாம்," என்றாள்.

பேசினோம் என்று சொல்ல முடியாது. அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். ஹரிநந்தன் என்னைப் பாவமாகப் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது. செக்கின் குறுக்கே கோடு போட்டு அதன் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்:

விலை எழுபத்தெட்டரை லட்சம். கம்பெனி அலுமினிய பானெட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டுவது விற்பவர் செலவு, ஆறு வாரம். நல்ல நாள் தவறக் கூடாது என்பதால் சாவி இன்று, வண்டி பானெட் வந்த பிறகு. வீடியோ போட்ட அத்தனை குழுவிலும் பூட்டு பிய்ந்து வந்ததையும் விற்பவர் தன் வாயால் சொல்லிப் போட வேண்டும். டிராக்கில் முதல் ரவுண்டுக்கு, இருநூறு தொடுகிற வரைக்கும், பக்கத்து சீட்டில் விற்பவர் உட்கார வேண்டும்.